மப்ளர் இருந்த உறை

அந்த உறையைத் தட்டிலிருந்து எடுத்தபோது என் கை தானாக மேலே போய்விட்டது. நிறைந்திருக்கும் என்று தூக்கிய குடம் காலியாக இருந்தால் ஒரு தடுமாற்றம் வருமே, அப்படி. உறையின் மேல் நான் வைத்த அரக்கு முத்திரை உடையவில்லை. நான் ஒட்டிய பார்கோடு சீட்டு கிழியவில்லை. என் கையெழுத்துகூட மங்கவில்லை. உள்ளே இருக்க வேண்டிய கம்பளி மப்ளர் மட்டும் இல்லை.

சென்ற மாதம், வழக்குகளில் கைப்பற்றிய சொத்துகளைக் கணினி வழியாகப் பராமரிப்பது பற்றிப் புதிய காவலர்களுக்கு ஒரு வகுப்பு நடந்தது. காவல் துறையிலிருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் என்னையும் பேச அழைத்திருந்தார்கள். நான் இந்த உறையைப் பற்றிச் சொல்லத் தொடங்கி, சொல்லி முடிப்பதற்குள் சாப்பாட்டு நேரம் வந்துவிட்டது. கை கழுவும் இடம் வரைக்கும் ஒரு பெண் காவலர் பின்னாலேயே வந்து, "அப்புறம் இன்னா சார் ஆச்சு?" என்று கேட்டார். அவருக்குச் சொல்லாமல் விட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நடந்ததைத் தேதியோடு குறித்து வைப்பது என் பழக்கம். ஆனால் இதில் வருகிறவர்கள் இன்னும் இதே வட்டாரத்தில் வேலைக்குப் போய் வந்துகொண்டிருப்பவர்கள். ஆகவே தேதிகளையும் நிலையத்தின் பெயரையும் விட்டுவிட்டேன். ஆள்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். ஆம்பூரைச் சுற்றியுள்ள ஒரு நிலையம் என்று வைத்துக்கொண்டால் போதும்.

வேலூரில் பயிற்சி. பிறகு ஜோலார்பேட்டைப் பக்கம் சில ஆண்டுகள் பாரா, பந்தோபஸ்து, சம்மன் கொடுக்கும் வேலை. என் கையெழுத்து நன்றாக இருந்ததால் ரைட்டராக உட்கார வைத்தார்கள். நிலையத்தின் எழுத்து வேலையோடு, கைப்பற்றிய பொருள்களின் பொறுப்பும் ரைட்டருடையது. ஓய்வு பெறும்வரை பெரும்பாலும் அந்த நாற்காலியிலும் அதன் பின்னால் இருந்த சொத்து அறையிலும்தான் என் காலம் போயிற்று.

அங்கே எனக்கு வாய்த்த இன்ஸ்பெக்டர் தேவசகாயம் குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. சாதாரணமாக எங்களை "வாப்பா, போப்பா" என்பார். கோபம் வந்தால்தான் "ஐயா" என்பார். அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்தால் பக்கத்து அறையில் தட்டச்சு நின்றுவிடும்.

ஒரு அடிதடி வழக்கு. சந்தேகப்பட்ட ஆளின் வேட்டியில் முழங்காலுக்குக் கீழே பெரிய செந்நிறக் கறை. அதைக் கைப்பற்றியதற்கான அத்தாட்சியில் நான் "இரத்தக்கறை படிந்த வேட்டி" என்று எழுதினேன்.

"ஐயா, நீங்க இதுல ரத்தத்தைப் பார்த்தீங்களா?" என்றார்.

"ஆமா சார்."

"நான் கறையைத்தான் பார்க்கறேன். செவப்பா இருக்கு, காஞ்சிருக்கு. ரத்தம்னு சொல்றதுக்கு மெட்ராஸ்ல ஒரு லேப் கட்டி வெச்சிருக்காங்க. அவங்க வேலைய நீங்க பார்த்தா, உங்க வேலைய யாரு பார்ப்பாங்க ஐயா?"

அடித்து எழுதினேன். அந்த வேட்டியில் ரத்தமே இல்லை என்று ஆய்வகம் சொன்னது. அந்த ஆள் தோல் பதனிடும் இடத்தில் பட்டைத் தொட்டியில் இறங்கி வேலை செய்கிறவர். ஆவாரம்பட்டை ஊறிய தண்ணீரின் கறை அது. எங்கள் ஊரில் பாதி வேட்டிகளில் அந்தக் கறை இருக்கும். எனக்கு அது தெரியாமலும் இல்லை. தெரிந்திருந்தும் ரத்தம் என்று எழுதியிருந்தேன். கண் முன்னால் இருப்பதைக் கண் பார்க்காது என்பதை நினைத்து அன்று எனக்கு ஏற்பட்ட திகைப்பு பெரியது. அதைவிடப் பெரியது பிறகு வந்தது.

தேவசகாயத்துக்கு இன்னொரு வழக்கம் உண்டு. எந்தப் பொட்டலம் வந்தாலும், மேலே ஒட்டிய சீட்டைப் படிப்பதற்கு முன் உள்ளங்கையில் ஏந்திப் பார்ப்பார். காதருகே கொண்டுபோய் லேசாக ஆட்டுவார். "சீட்டு இன்னா சொல்லுதுன்னு அப்புறம் பார்க்கலாம். மொதல்ல கை இன்னா சொல்லுது?" என்பார். அவர் மாற்றலாகிப் போன பிறகும் அந்தப் பழக்கம் எங்களில் சிலரிடம் ஒட்டிக்கொண்டது.

இனி மப்ளர்.

ஒரு மார்கழி விடியலில், பச்சைத் தோல் கிடங்கு ஒன்றின் காவலாளி கோவிந்தன் மண்டையில் அடிபட்டுச் செத்துக் கிடந்தார். முந்தின நாள் சாயங்காலம் கேட்டில் அவருக்கும் சங்கர் என்ற தொழிலாளிக்கும் வாய்ச்சண்டை. வேலை முடிந்து போகிறவர்களின் சாப்பாட்டுப் பையைத் திறந்து பார்ப்பது காவலாளியின் வேலை. சங்கர் பையைத் திறக்க மறுத்திருக்கிறார். விடியலில் அவரைக் கிடங்குப் பக்கம் பார்த்ததாக ஒருவர் சாட்சி சொன்னார். சங்கரின் வீட்டில் தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் ஒரு மப்ளர் சுருண்டு கிடந்தது. கருநீலக் கம்பளி. நடுவில் கெட்டியாகக் காய்ந்த செம்பழுப்புக் கறை. நான் அப்படித்தான் எழுதினேன்.

சங்கர் மறுக்கவில்லை. ரத்தம்தான், ஆனால் தன்னுடையது என்றார். தோல் சீவும் மெஷினில் கை பட்டு அறுத்துக்கொண்டு, குளிருக்குக் கட்டியிருந்த மப்ளரையே கையில் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்ததாகச் சொன்னார். உள்ளங்கையில் வெட்டு இருந்தது. அடிக்கும்போது ஏற்பட்ட வெட்டு என்று எங்கள் தரப்பு சொன்னது. அவர் மனைவி ஸ்டெல்லா ஷூ கம்பெனியில் தையல் பிரிவு. கம்பெனிச் சீருடையோடு நிலைய வாசலில் வந்து நின்றார்.

"சார், அது அவரு ரத்தம் சார். நான்தான் கைய கழுவி கட்டு போட்டேன். மப்ளர தொவைக்காம போட்டுட்டேன், என் தலையெழுத்து. அதப் பரிசோதன பண்ணுங்க சார், ஒங்களுக்கே தெரியும்."

கோவிந்தனின் மகள் தேவகியும் அதே கம்பெனி, அதே தையல் வரிசை. அவரும் அதையேதான் சொன்னார். "அந்தத் துணியில எங்கப்பா ரத்தம் இருக்குது சார். அத மட்டும் பத்திரமா வெச்சுக்குங்க."

வழக்கில் வேறு சாட்சியம் ஒன்றும் பலமாக இல்லை. இரண்டு குடும்பங்களும் அந்த ஒரு மப்ளரை நம்பியிருந்தன.

அதை நான் எப்படிக் கட்டினேன் என்று சொல்ல வேண்டும். வெயிலில் காயவைக்கக் கூடாது. நிழலில், காற்றோட்டத்தில் விரித்து வைத்தேன். மடிக்கும்போது கறை மற்றொரு பக்கம் ஒட்டாமலிருக்க மடிப்புக்கு மடிப்பு வெள்ளைத் தாள் வைத்தேன். பிளாஸ்டிக் பையில் போட்டால் வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். ஆகவே பழுப்புத் தாள் உறை. குறுக்கும் நெடுக்குமாகச் சணல், முடிச்சின் மேல் அரக்கு, அரக்கின் மேல் முத்திரை. சாட்சிகள் கையெழுத்துப் போட்டார்கள். பொருளை ஒப்படைக்கும் படிவம் தொண்ணூற்றைந்தோடு நீதிமன்றத்துக்குப் போய், அங்கிருந்து ஆய்வகம் போயிற்று. மனித ரத்தம், வகை காண முடியவில்லை என்று பதில் வந்தது. நீதிமன்றத்தில் இடமில்லாததால் மப்ளர் எங்கள் பாதுகாப்புக்கே திரும்பியது. வெளி உறை மாற்றி மறுபடி முத்திரை வைத்தேன். தட்டில் வைப்பதற்கு முன் கையில் ஏந்திப் பார்த்தேன். கம்பளிக்கு உரிய மெத்தென்ற கனம்.

வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது. கொரோனா வந்தது. வழக்கு இழுத்துக்கொண்டே போயிற்று. சங்கர் ஜாமீனில் வெளியே வந்தார். வேலை மட்டும் எந்தப் பதனிடும் இடத்திலும் கிடைக்கவில்லை.

இதற்கிடையில் கணினி முறை வந்தது. ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பார்கோடு. கையடக்கமான ஸ்கேனரை அதன் மேல் காட்டினால் வழக்கு எண், பொருளின் விவரம், தட்டின் எண் எல்லாம் திரையில் வரும். தினமும் எல்லாப் பொருள்களையும் ஸ்கேன் செய்ய வேண்டும். செய்தால் பச்சை. ஒன்று விட்டுப்போனாலும் சிவப்பு. மாவட்ட அலுவலகத்திலிருந்து போன் வரும். இந்த முறை எனக்கு மிகவும் பிடித்தது என்பதை மறைக்கவில்லை. எலி கடித்த பதிவேடுகளோடு மல்லுக்கட்டியவனுக்கு அது வரப்பிரசாதம். மப்ளர் உறையில் சீட்டை நான்தான் ஒட்டினேன். அந்த ஆண்டே ஓய்வு பெற்றேன்.

பிறகு ஒருநாள் ஏட்டு கலைவாணியிடமிருந்து போன். நான் இருந்த இடத்தில் இப்போது அவர். சங்கரின் வக்கீல் மரபணுச் சோதனை கேட்டு மனுப் போட்டிருந்தார். அரசு வக்கீலும் எதிர்க்கவில்லை. கறையில் இருப்பது சங்கரின் ரத்தமா, கோவிந்தனின் ரத்தமா என்று இப்போது சொல்லிவிட முடியும். முத்திரை வைத்தவர் அடையாளம் காட்ட, நீதிமன்றத்தில் திறந்து, ஆய்வகத்துக்கு அனுப்ப உத்தரவு. முந்தின நாளே போய்ப் பார்த்துவிடலாம் என்று கிளம்பினேன்.

"வாங்க சார்! ரிட்டையர் ஆனப்புறம் ஹீரோ மாதிரி ஆய்ட்டீங்களே. டை அடிக்கிறீங்களா?" என்று வரவேற்றார் கலைவாணி.

"டை இல்லம்மா, நிம்மதி."

சிரித்துக்கொண்டே திரையைத் திருப்பிக் காட்டினார். மேலிருந்து கீழ்வரை பச்சை. "பார்த்தீங்களா? எங்கியுமே சிவப்பு கிடையாது. மீட்டிங்ல நம்ம ஸ்டேஷனத்தான் மத்தவங்களுக்குக் காட்டறாங்க. இதோ உங்க மப்ளர். இன்னிக்குக் காலையிலகூட செக் பண்ணியாச்சு."

எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. "எப்படிச் செக் பண்றீங்க, காட்டுங்க பார்ப்போம்" என்றேன்.

அவர் ஸ்கேனரை எடுத்தார். சொத்து அறைப் பக்கம் போவார் என்று நானும் எழுந்தேன். அவர் எழவில்லை. நாற்காலியிலிருந்தபடியே கையை நீட்டி, ஆணியில் தொங்கிய ஒரு பெரிய அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தார். அட்டை முழுக்க வரிசை வரிசையாகப் பார்கோடு சீட்டுகள். ஸ்கேனரை ஒவ்வொன்றாக நகர்த்தினார். பீப், பீப், பீப்.

"இது இன்னாம்மா?"

"ஸ்டிக்கர் அட்டை சார். ரெண்டாவது காப்பி பிரிண்ட் எடுத்து ஒட்டினது. உங்களுக்கு அப்புறம், எனக்கு முன்னாடி இருந்தவரு பண்ணி வெச்சுட்டுப் போனாரு. பத்து நிமிஷத்துல வேல முடிஞ்சிடும்."

"உள்ளே போறதில்லையா?"

"உள்ள யாரு சார் போவாங்க? நாத்தம் ஜாஸ்தி. கொடலே வெளிய வந்துடும். எல்லாம் பூட்டிதான் இருக்கு, ஒருத்தரும் தொட முடியாது."

 நாற்றம் எதனால் என்று கேட்டேன். நான் ஓய்வு பெற்ற பிறகு ஒரு பக்ரீத் முடிந்த வாரத்தில் ஒரு லாரி ஆட்டுத் தோல் பிடிபட்டிருக்கிறது. இரண்டு வியாபாரிகள் என்னுடையது, உன்னுடையது என்று கோர்ட்டுக்குப் போனார்கள். லோடை விற்றுப் பணத்தைக் கட்டச் சொல்லிவிட்டு, மாதிரிக்குச் சில தோல்களை வைத்திருக்கச் சொன்னது கோர்ட். அந்தத் தோல்களை என் சொத்து அறையில், காகித உறைகளின் பக்கத்துத் தட்டில் போட்டுப் பூட்டிவிட்டார்கள்.

"மருந்து தெளிச்சாங்களா?"

"அந்தத் தோல் வியாபாரி பாய்கூட சொல்லிட்டுப் போனாராம் சார், மருந்து போடலேன்னா பேஜார்னு. கேஸ் பொருள் மேல எதையாவது அடிச்சா அது வேற பிரச்சனையாய்டும்னு யாரும் கை வெக்கல."

பூட்டு இறுகிப்போயிருந்தது. எண்ணெய் விட்டுத் திறந்தோம். நாற்றத்தைப் பற்றி எழுதப் போவதில்லை. தோல் ஊர்க்காரர்களுக்குத் தெரியும். காலடியில் ஏதோ நொறுங்கியது. விளக்கைப் போட்டால் தரை முழுக்கக் கறுப்பு வண்டுகள், அவற்றின் மயிர் அடர்ந்த புழுக்கள், உரித்துப் போட்ட சட்டைகள். காய்ந்த தோலைத் தின்னும் வண்டு. ஆட்டுத் தோல்கள் சல்லடையாகியிருந்தன. அதை முடித்துக்கொண்டு அவை பக்கத்துத் தட்டுக்கு வந்திருக்கின்றன. ரத்தம் தோய்ந்த கம்பளியை விட நல்ல தீனி அவற்றுக்கு வேறென்ன வேண்டும்?

உறையைத் தூக்கினேன். கை மேலே போய்விட்டது என்று முதலிலேயே சொன்னேன். முன்பக்கம் எல்லாம் சரி. திருப்பினால் பின்பக்கத்தில் கடுகு போட்டாற்போல் துளைகள். ஜன்னல் பக்கம் பிடித்தேன். துளைகள் வழியே வெளிச்சம் வந்தது. காதருகே ஆட்டினேன். ரவை கொட்டுவதுபோல் ஒரு சத்தம்.

"சார், வேற உறை எடுத்துட்டீங்களா?" என்று கர்சீப்புக்குள்ளிருந்து கேட்டார் கலைவாணி. கேட்டுவிட்டு, ஸ்கேனரை அந்த உறையின் சீட்டில் காட்டினார்.

பீப். பச்சை. ஸ்கேனரின் சின்னத் திரையில்: நல்ல நிலையில் உள்ளது.

"இதுதான்னு காட்டுது சார்" என்றார்.  பிறகு அப்படியே சுவரோடு சாய்ந்துகொண்டு, "நான் ஒரு நாளுகூட ஸ்கேன் பண்ணாம விட்டதில்ல சார்" என்றார். உண்மைதான். லீவு நாள்களில்கூட வந்து செய்துவிட்டுப் போயிருக்கிறார். 

மறுநாள் நீதிமன்றம். ஸ்டெல்லா சங்கரோடு ஒரு பக்கம், தேவகி ஒரு பக்கம். உறையைக் கொண்டுவந்து வைத்ததும் இரண்டு பெண்களும் ஒரே நேரத்தில் எழுந்து நின்றார்கள். முந்தின நாளே இப்போதைய இன்ஸ்பெக்டருக்கும் அரசு வக்கீலுக்கும் தெரியும். நீதிபதியிடமும் தெரிவித்தாயிற்று. அந்த இரண்டு பேருக்குத்தான் யாரும் சொல்லவில்லை.

முத்திரை என்னுடையதுதான் என்றேன். வெள்ளைத் தாள் விரித்து உறையைப் பிரித்தார்கள்.

"என்ன இருக்கிறது?" என்று கேட்டார் நீதிபதி.

தேவசகாயம் பக்கத்தில் நிற்பதுபோல் இருந்தது. பார்த்ததை மட்டும் சொன்னேன். "பழுப்பு நிறத் தூள். பூச்சி உரித்த சட்டைகள். கருநீல நூல் துண்டுகள் சில."

"மப்ளர் எங்கே?"

"இதுதான் ஐயா."

நீதிபதி கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். மேலே மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. காற்றில் தூள் பறக்கத் தொடங்கியதும், "அந்த ஃபேனை நிறுத்துங்கள்" என்றார். அவ்வளவு கவனமாக அந்தத் தூளை மறுபடி மடித்துக் கட்டினோம். ஆய்வகத்துக்கும் அனுப்பினோம். சோதனைக்கு உகந்த நிலையில் இல்லை என்று பதில் வந்தது.

துறை விசாரணை நடந்தது. கலைவாணியும் அவருக்கு முன்னிருந்தவரும் விளக்கம் எழுதிக் கொடுத்தார்கள். அட்டையைப் பறிமுதல் செய்தார்கள். அதற்கும் ஒரு பார்கோடு ஒட்டினார்கள். மப்ளரின் நிலையைக் கணினியில் மாற்றச் சொன்னபோது கலைவாணி என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். நீதிமன்றத்துக்கு அனுப்பியது, ஆய்வகத்துக்கு அனுப்பியது, உரியவரிடம் ஒப்படைத்தது, உத்தரவின்படி அழித்தது. தேர்ந்தெடுக்க இவைதான் இருந்தன. "சார், இதுல எதை அமுக்கறது?" என்றார். எனக்கும் தெரியவில்லை. நான் கல்வெட்டு நகல்களை விரும்பிப் படிக்கிறவன். கோயிலுக்குக் கொடுத்த நகைகளின் பட்டியலைக் கல்லில் செதுக்கியவர்கள் ஒவ்வொன்றையும் அதன் எடையோடு செதுக்கியிருக்கிறார்கள். எங்கள் திரையில் எத்தனையோ கட்டங்கள் இருந்தன. எடைக்கு ஒரு கட்டம் இல்லை.

தீர்ப்பு நாளன்றும் போயிருந்தேன். சந்தேகத்தின் பலனை அளித்துச் சங்கர் விடுதலை. அவர் கும்பிட்டார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. வக்கீலோடு காகித வேலைக்காக உள்ளேயே நின்றுவிட்டார்.

பஸ் நிறுத்தத்தில் ஸ்டெல்லா என்னைப் பார்த்துவிட்டு வந்தார். மத்தியான ஷிஃப்டுக்குப் போக வேண்டும் என்று சீருடையிலேயே வந்திருந்தார். சற்றுத் தள்ளி அதே சீருடையில் தேவகி.

"விட்டுட்டாங்க சார். நல்லதுதான்" என்றார் ஸ்டெல்லா. "ஆனா அவரு செய்யலன்னு யாருமே சொல்லலியே சார். அந்தத் துணி இருந்திருந்தா இந்நேரம் இவ என் மூஞ்சிய நேராப் பார்த்திருப்பா."

தேவகி திரும்பினார். "இருந்திருந்தா உன் புருஷன் வெளிய வந்திருக்க மாட்டான்."

"அது அவரு ரத்தம்."

"எங்கப்பன் ரத்தம்."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். அத்தனை ஆண்டுகள் அந்த அறைக்குச் சாவி வைத்திருந்தவன் நான். "எனக்குத் தெரியாதும்மா" என்றேன். தெரியாது என்று நான் சொன்னதை அவர்கள் நம்பவில்லை என்பது முகங்களில் தெரிந்தது.

ஆம்பூர் பஸ் வந்தது. கூட்டம். தேவகி முதலில் ஏறி, ஜன்னலோரம் இடம் பிடித்து உட்கார்ந்தார். பக்கத்து இடம் மட்டும் காலியாக இருந்தது. பின்னால் ஏறிய ஸ்டெல்லா அந்த இடத்தைப் பார்த்தார். பிறகு மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டார். பஸ் திரும்பி மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் உட்காரவில்லை.